டோக்கியோவில் முதல் ஒமாகாசே: முன்பதிவிலிருந்து பில் வரை

டோக்கியோவுக்குப் போகிறவர்களில் பலருக்கு ஒரு வேளையாவது நல்ல சுஷிக் கடையில் (வினிகர் கலந்த சோற்றோடு பெரும்பாலும் பச்சை மீன் சேர்த்துத் தரும் ஜப்பானியப் பண்டம் சுஷி) உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்ற ஆசை உண்டு. இதைப் பற்றித் தேடினால் குச்சியை எப்படிப் பிடிப்பது, இஞ்சியை எப்போது தின்பது என்று பக்கம் பக்கமாகக் கிடைக்கும். அதெல்லாம் கடைக்குள் போய் உட்கார்ந்த பிறகு வரும் கவலைகள். பக்கத்தில் இருப்பவரைப் பார்த்துச் சமாளித்துவிடலாம். என்னை அலைக்கழித்தவை வேறு: முன்பதிவுப் படிவம், வங்கிக் கார்டு, ரத்துக் கட்டணம், உணவுக் கட்டுப்பாட்டை எப்போது சொல்வது என்ற குழப்பம். அவற்றை யாரும் வரிசையாகச் சொல்லி வைக்கவில்லை. அதனால் எழுதுகிறேன்.

முதன்முறை போகிறவர்களுக்கு இரண்டு வரி அறிமுகம். ஒமாகாசே என்றால் என்ன தருவது என்பதைச் சமையல்காரரிடமே விட்டுவிடுவது. அப்படிப்பட்ட கடையில் மெனு கார்டு கிடையாது. எட்டு அல்லது பத்து இருக்கைகள் கொண்ட ஒரு மரக் கவுண்டர், அதற்குப் பின்னால் சமையல் கலைஞர். அன்று காலை என்ன மீன் நன்றாக இருந்ததோ அதை அவர் தீர்மானித்த வரிசையில் ஒவ்வொன்றாகத் தருவார். விலை முன்கூட்டியே முடிவானது. சாப்பாடு முடிய ஏறக்குறைய இரண்டு மணி நேரம் ஆகும்.

1. உங்களுக்கு இது ஒத்துவருமா என்று முதலில் பாருங்கள்

சைவர்கள் இதைத் தவிர்ப்பதே நல்லது. மீனை மட்டும் நீக்கினால் போதும் என்று நினைக்க வேண்டாம். சூப்பிலும் வேகவைத்த பண்டங்களிலும் உள்ள சாறு கட்சுவோபுஷி என்ற உலர்மீனில் எடுத்தது. நம் ஊர் மாசிக் கருவாடு எந்தச் சூரை மீனில் செய்யப்படுகிறதோ அதே மீன்தான் அதற்கும். கடைசியில் வரும் முட்டைப் பண்டத்தில்கூடப் பழைய பாணிக் கடைகளில் இறாலையோ வெள்ளை மீனையோ அரைத்துச் சேர்த்திருப்பார்கள். துணைக்கு வரும் சைவ நண்பருக்கு மட்டும் வெள்ளரிக்காய் சுஷி போடச் சொல்லிக் கேட்கலாம் என்று திட்டமிடாதீர்கள். பெரும்பாலான கடைகள் முன்பதிவையே ஏற்காது. ஏற்றாலும் அவருக்கும் முழு விலைதான்.

ஹலால் பார்ப்பவர்கள் கவனிக்க வேண்டியது: மீனின் மேல் தடவும் சோயா சாஸில் சாகே என்ற அரிசி மதுவும் மிரின் என்ற இனிப்பு மதுவும் சேர்த்துக் காய்ச்சியிருப்பது வழக்கம். குளூட்டன் ஒவ்வாதவர்களுக்கும் அதே சாஸ்தான் தடை, அதில் கோதுமை இருக்கும். சிப்பி, இறால், நண்டு ஆகியவற்றில் ஒன்று மட்டும் ஒவ்வாது என்றால் பெரும்பாலும் சமாளித்துத் தருவார்கள். ஆனால் முன்பதிவின்போதே சொல்லியிருக்க வேண்டும். மீன் அன்று காலை ஆள் கணக்குப் பார்த்து வாங்கப்படுகிறது. உட்கார்ந்த பிறகு சொன்னால் அவர்களால் செய்யக்கூடியது அதிகமில்லை.

கர்ப்பிணிகள் மருத்துவரைக் கேட்காமல் பதிவு செய்ய வேண்டாம். குழந்தைகளைப் பல கடைகள் அனுமதிப்பதில்லை. வயது வரம்பு கடைக்குக் கடை மாறும். மது அருந்தாதவர்கள் தயங்கவே வேண்டாம், பச்சைத் தேநீரோடு சாப்பிட்டுவிட்டு வரலாம், யாரும் ஒன்றும் நினைக்கமாட்டார்கள்.

2. பணத்துக்கு ஒரு வரம்பு போடுங்கள்

கின்சா, ரொப்போங்கி, நிஷி-அசாபு வட்டாரங்களில் பேர் பெற்ற கடைகளில் இரவுச் சாப்பாடு ஒருவருக்கு 30,000 யென்னிலிருந்து 60,000 யென் வரை போகும். அதற்கு மேலும் உண்டு. அடுத்த நிலைக் கடைகளில் 15,000 முதல் 25,000. மதியச் சாப்பாடு உள்ள கடைகளில் பெரும்பாலும் இரவு விலையைவிடக் கணிசமாகக் குறையும். அரிசி, வினிகர், கை எல்லாம் அதே, பண்டங்கள் மட்டும் சில குறையும். முதல்முறை போகிறவர்களுக்கு நான் சொல்வது மதியம்தான்.

அறிவித்த விலை பில்லில் அப்படியே வராது. ஒரு மாதிரிக் கணக்கு: சாப்பாடு வரியோடு 35,000 யென். ஒரு பீர், இரண்டு கோப்பை சாகே, சேர்த்து 4,000. ஆக 39,000. சேவைக் கட்டணம் 10 சதவீதம் வாங்கும் கடையென்றால் இன்னும் 3,900. மொத்தம் 42,900 யென். பதிவுத் தளத்தின் கட்டணம் தனி. நுகர்வு வரி 10 சதவீதம் விலைக்குள் அடங்கியதா, சேவைக் கட்டணம் உண்டா என்ற இரண்டையும் பதிவுப் பக்கத்திலேயே பார்த்துவிடுங்கள். டிப்ஸ் கிடையாது. கொடுத்தால் சங்கடப்படுவார்கள்.

இவ்வளவு பணத்தை முதல் முயற்சியிலேயே போட மனமில்லையென்றால் கின்சாவில் 1935-இல் தொடங்கிய கியூபேய் போன்ற பெரிய கடைகளில் ஆரம்பியுங்கள். பல தளங்களில் பல கவுண்டர்கள் இருப்பதால் இடம் கிடைப்பது எளிது, வெளிநாட்டவர்களைப் பார்த்துப் பழகியவர்கள். மருனோஉச்சியிலும் ஹிபியாவிலும் உள்ள மான்டென் சுஷியில் இன்னும் குறைந்த செலவில் ஒமாகாசே கிடைக்கிறது. நின்றபடியே சாப்பிடும் சுஷிக் கடைகளும் இருக்கின்றன. இவற்றில் ஒரு வேளை சாப்பிட்டுப் பார்த்தால் பச்சை மீன் உங்களுக்குப் பிடிக்கிறதா என்பது தெரிந்துவிடும். அது தெரியாமல் இருபதாயிரம் ரூபாய்க்கு மேல் செலவழிப்பது வீம்பு.

3. தேதியும் கிழமையும்

டோக்கியோவின் மீன் சந்தை 2018 அக்டோபரில் சுகிஜியிலிருந்து தோயோசுவுக்கு மாறியது. அந்தச் சந்தைக்கு ஞாயிற்றுக்கிழமை விடுமுறை, பல வாரங்களில் புதன்கிழமையும் விடுமுறை. சந்தை இல்லாத நாளில் பல நல்ல கடைகளும் திறப்பதில்லை. புத்தாண்டை ஒட்டிய சில நாட்களும் ஆகஸ்ட் நடுவில் வரும் ஓபோன் விடுமுறையும் அப்படித்தான். பயணத் திட்டத்தில் இந்த வேளைக்கு ஞாயிறை ஒதுக்கிவிட்டுப் பிறகு கடை தேடாதீர்கள்.

ஊர் போய்ச் சேர்ந்த அன்று இரவும் வேண்டாம். விமானம் தாமதமானால் முழுப் பணமும் போகும். தவிர, தூக்கக் கலக்கத்தோடு இருபது பண்டங்களை ரசிக்க முடியாது.

பருவத்தைத் தேர்ந்தெடுக்கும் வசதி இருப்பவர்களுக்கு: குளிர்காலத்தில் பெரிய நீலத்துடுப்புச் சூரை மீன் (மாசிக்கான சூரை வேறு) கொழுத்திருக்கும், அவோமோரி மாகாணத்தின் ஓமா துறைமுகத்து மீனுக்குத் தனி மதிப்பு. இலையுதிர்காலத்தில் புதிய சால்மன் சினை. கோடையில் ஹொக்காய்தோவின் கடல் முள்ளெலி. கோடையிலேயே ஷின்கோ என்றொரு மீன்குஞ்சு சில வாரங்களுக்கு மட்டும் வரும். தொடக்கத்தில் அது மிகச் சிறியதாக இருப்பதால் ஒரு பிடிச் சோற்றின் மேல் இரண்டு மூன்றைச் சேர்த்து வைப்பார்கள். கிலோ விலையில் சூரையையே தோற்கடிக்கக்கூடிய இந்தச் சின்ன மீனுக்காகவே உள்ளூர்க்காரர்கள் காத்திருப்பார்கள்.

4. முன்பதிவு: பாதிப் பாடு இங்கேதான்

முதலில் நடக்காததைச் சொல்லிவிடுகிறேன். மிகப் புகழ்பெற்ற சில கடைகளில் பொதுமக்களுக்கு இடமே கிடையாது. 2014-இல் ஒபாமா சாப்பிட்ட சுகியாபாஷி ஜிரோவும் சுஷி சைதோவும் உணவகங்களுக்கு நட்சத்திர மதிப்பு தரும் மிஷலின் கையேட்டின் 2020 பதிப்பிலிருந்து நீக்கப்பட்டதற்குக் காரணம் தரம் குறைந்தது அன்று; பொதுப் பதிவை அவை ஏற்காததுதான். வாடிக்கையாளர்களும் அவர்கள் அழைத்து வருபவர்களும் மட்டுமே உள்ளே போகும் கடைகளை விரட்டிக்கொண்டு நாட்களை வீணாக்க வேண்டாம்.

கடையைத் தேர்ந்தெடுக்க டேபெலாக் தளத்தைப் பாருங்கள், ஜப்பானியர்களே மதிப்பெண் போடும் இடம். அங்கே 3.5 என்றாலே நல்ல கடை, 4-ஐத் தாண்டுவது அபூர்வம். கூகுளில் 4.6 வாங்கிய கடை அங்கே 3.1-இல் நிற்பதைப் பார்க்கலாம். நான் டேபெலாக்கைத்தான் நம்புவேன்.

இடம் பிடிக்க வழிகள் மூன்று.

இணையத் தளங்கள்: ஒமாகாசே என்ற பெயரிலேயே ஒரு தளம் உண்டு. டேபிள்செக், டேபெலாக், பாக்கெட் கான்சியர்ஜ், டேபிள்ஆல் ஆகியவையும் உள்ளன. சில தளங்களில் கட்டணம் சில நூறு யென், சிலவற்றில் ஓர் இருக்கைக்குச் சில ஆயிரம். ஒவ்வொரு கடையும் ஒரு குறிப்பிட்ட நாளில், குறிப்பிட்ட மணிக்கு அடுத்த மாதத்துக்கோ அதற்கடுத்த மாதத்துக்கோ உரிய இடங்களைத் திறக்கும். அந்த மணி ஜப்பான் நேரம். இந்தியாவையும் இலங்கையையும்விட ஜப்பான் மூன்றரை மணி நேரம் முந்தியது. காலை 10 மணிக்குத் திறந்தால் நமக்கு 6.30, பகல் 12 என்றால் 8.30. ஜப்பானில் நள்ளிரவு 12 மணிக்குத் திறக்கும் கடைக்கு நம் நாட்காட்டியில் முந்தைய நாள் இரவு 8.30. இந்தத் தேதிக் கணக்கில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். தளத்தில் உங்கள் பெயரில் ஒரு கணக்கை முன்பே தொடங்கி, கார்டையும் பதிந்து வைத்துவிட்டு, இரண்டு நிமிடம் முன்னதாக உட்காருங்கள்.

ஹோட்டல் வழி: நல்ல ஹோட்டல்களில் கான்சியர்ஜ் என்ற பணியாளர் இருப்பார். கோட்டுக் காலரில் குறுக்காக இரண்டு தங்கச் சாவிகள் அணிந்திருந்தால் அந்தத் தொழிலில் தேர்ந்தவர். உங்கள் ஹோட்டல் பதிவு உறுதியானதும் மின்னஞ்சல் அனுப்புங்கள்: தேதி, மாற்றுத் தேதி இரண்டு, ஆட்கள் எண்ணிக்கை, ஒரு ஆளுக்கான வரம்பு, ஒவ்வாமை. ஒரே கடையைச் சொல்லாமல் மூன்று கடைகளை வரிசைப்படுத்திக் கொடுங்கள். ஜப்பானிய மொழியில் பேசுபவர் வேண்டும் என்று கேட்கும் கடைகளுக்கு இதுதான் கதவு. மலிவு ஹோட்டல்களில் இந்த உதவியை எதிர்பார்க்க முடியாது.

தொலைபேசி: ஜப்பானிய மொழி தெரிந்த நண்பர் இருந்தால் மட்டும். அவர் பெயரில் பதிவு செய்து நீங்கள் போவதைப் பல கடைகள் விரும்புவதில்லை. பதிவு செய்பவர் வேறு, வருபவர் வேறு என்பதை அப்போதே சொல்லிவிடச் சொல்லுங்கள்.

கையில் இருக்கும் பதிவை விற்பதாகச் சொல்லும் ஆட்களிடம் போகவே வேண்டாம். பெயர் மாறினால் வாசலிலேயே திருப்பி அனுப்பும் கடைகள் உண்டு. பணம் திரும்பாது.

இனி நம்மவர்களுக்கே உரிய ஒரு சிக்கல். படிவம் குடும்பப் பெயரைக் கேட்கும். நமக்கு ஏது குடும்பப் பெயர்? பாஸ்போர்ட்டில் ஒரே பெயர் இருக்கும், கார்டில் இனிஷியலோடு இருக்கும், ஹோட்டல் பதிவில் அப்பா பெயர் முன்னால் வந்திருக்கும். மூன்று இடத்திலும் மூன்று பெயராக இருந்தால் கடைக்காரர் உறுதிப்படுத்த அழைக்கும்போது ஹோட்டல் வரவேற்பில் 'அப்படி யாரும் இங்கே தங்கவில்லை' என்று சொல்லிவிடுவார்கள். எல்லா இடத்திலும் ஒரே வடிவத்தைப் போடுங்கள். சில தளங்கள் பெயரின் ஒலியைக் கத்தகானா என்ற ஜப்பானிய எழுத்தில் கேட்கும். அதை முன்பே எழுதி வைத்து ஒட்டிக்கொள்ளுங்கள். நீளமான பெயராக இருந்தால் சுருக்கிய வடிவம் போதும், எல்லா இடத்திலும் அதே சுருக்கம்.

தொலைபேசி எண்ணை நாட்டுக் குறியீட்டோடு கொடுத்து, ஜப்பானில் அந்த எண் இயங்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். சாப்பாட்டுக்கு முந்தைய நாள் அழைத்துப் பார்த்து ஆள் கிடைக்காவிட்டால் இடத்தை வேறு ஒருவருக்குக் கொடுத்துவிடும் கடைகள் இருக்கின்றன.

தனியாகப் போகிறவர்களுக்கு ஒரு குறிப்பு: சில கடைகள் ஒற்றைப் பதிவை ஏற்பதில்லை. ஏற்கும் கடைகளில், கடைசி வாரத்தில் திடீரென்று ஓர் இருக்கை காலியாகும். தளத்தில் காத்திருப்பு அறிவிப்பை இயக்கி வையுங்கள்.

5. கார்டும் ரொக்கமும்

2020-இல் வந்த ரிசர்வ் வங்கி விதிப்படி இந்தியாவில் வழங்கப்படும் புதிய கார்டுகளில் வெளிநாட்டுப் பயன்பாடு அணைத்தே வைக்கப்பட்டிருக்கும். வங்கிச் செயலியில் நீங்களே இயக்க வேண்டும். இணையவழிப் பயன்பாடு, கடையில் தேய்ப்பது, ஏ.டி.எம். ஆகிய மூன்றுக்கும் தனித்தனிப் பொத்தான்கள். வரம்புத் தொகையையும் உயர்த்துங்கள். 80,000 யென் பதிவு வரம்பில் இடித்து விழுந்தால் தளம் காரணம் சொல்லாது, 'தோல்வி' என்று மட்டும் காட்டும். பணம் கட்டும்போது ஓ.டி.பி. வரும், அதனால் இந்திய எண் கையோடு இருக்க வேண்டும். பல கார்டுகளில் அந்நியச் செலாவணிக் கட்டணமாக 2 முதல் 3.5 சதவீதமும் அதன் மேல் ஜி.எஸ்.டி.யும் சேரும்.

ரொக்கம் மட்டும் வாங்கும் கடைகள் இன்னும் இருக்கின்றன. பதிவுப் பக்கத்தில் பாருங்கள், தெரியாவிட்டால் கேளுங்கள். செவன்-இலெவன் கடைகளில் உள்ள ஏ.டி.எம். வெளிநாட்டுக் கார்டுகளை ஏற்கும். கடைக்குப் போகும் வழியில் எடுத்துக்கொள்ளலாம் என்று விடாமல் முந்தைய நாளே எடுத்துவிடுங்கள். கார்டு இயந்திரம் ரூபாயா யென்னா என்று கேட்டால் யென். ரூபாயில் கணக்கிட்டால் மாற்று விகிதம் அவர்கள் வைத்ததுதான்.

6. ரத்து விதியை வரி வரியாகப் படியுங்கள்

அன்றைய தினம் ரத்து செய்தால் 100 சதவீதம் பிடிப்பது சாதாரணம். இரண்டு மூன்று நாட்களுக்கு முன்பே ரத்து செய்தாலும் முழுத் தொகையையும் பிடிக்கும் கடைகளும் உண்டு. நான்கு பேருக்குப் பதிந்து மூன்று பேர் போனாலும் நான்கு பேருக்கான பணம். விசா கைக்கு வருவதற்கு முன் இப்படிப்பட்ட பதிவைச் செய்யாதீர்கள். விசாவுக்கு ஹோட்டல் பதிவு காட்ட வேண்டியிருந்தால் ரத்து செய்யக்கூடிய ஹோட்டலைக் காட்டலாம், சுஷிக் கடையில் அந்த வசதி இல்லை.

தாமதமும் ரத்துதான். பந்தி போட்டது போல எல்லோருக்கும் ஒரே நேரத்தில் சாப்பாடு தொடங்குவதால், பதினைந்து நிமிடம் தாமதமானால் வரவில்லை என்றே எடுத்துக்கொள்ளும் கடைகள் உண்டு.

7. கடையைக் கண்டுபிடிப்பதும் கிளம்புவதும்

டோக்கியோ முகவரியில் தெருப் பெயர் இருக்காது. வட்டாரம், தொகுதி, கட்டட எண் என்று போகும். கின்சாவில் நல்ல கடைகள் பல, பார்த்தால் அலுவலகம் போலத் தோன்றும் கட்டடத்தின் நிலத்தடித் தளத்திலோ ஏழாவது தளத்திலோ இருக்கும். வாசலில் விரல் நீளத்துக்குப் பெயர்ப்பலகை. அதுவும் ஜப்பானிய எழுத்தில். கடைப் பெயரை ஜப்பானிய எழுத்தில் போனில் சேமித்துக்கொண்டு பலகையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஜப்பானில் தரைத்தளமே முதல் தளம். 2F என்றிருந்தால் நம் கணக்கில் முதல் மாடி. முடிந்தால் பகலிலேயே போய் இடத்தைப் பார்த்து வையுங்கள். நேரத்துக்கு ஐந்து நிமிடம் முன் வாசலில் நின்றால் போதும். அரை மணி முன்னால் போய்க் கதவைத் தட்டினால் உள்ளே முந்தைய பந்தி நடந்துகொண்டிருக்கும்.

உடைக்குக் கோட்டு தேவையில்லை. அரைக்கால் சட்டை, செருப்பு, கையில்லாத பனியன் மூன்றும் வேண்டாம். இதைவிட முக்கியம் வாசனை. சென்ட், அத்தர், மணக்கும் தலைத் தைலம் எதுவும் கூடாது. மல்லிகைச் சரமும்தான், எட்டு பேர் தோளோடு தோள் உட்காரும் அறையில் மீனின் மெல்லிய மணத்தை அது தின்றுவிடும். இதற்காகவே திருப்பி அனுப்பும் கடைகள் உண்டு. தடித்த கைக்கடிகாரம், வளையல், மோதிரங்களைக் கழற்றிப் பைக்குள் வையுங்கள். அந்தக் கவுண்டர் ஹினோக்கி என்ற மென்மரப் பலகை, கீறல் விழுந்தால் இழைத்துத்தான் எடுக்க வேண்டும். கைப்பேசியைக் கவிழ்த்துக்கூட அதன் மேல் வைக்காதீர்கள்.

8. கவுண்டரில்

ஈரத் துண்டு தருவார்கள், அது கைக்கு. முகம் கழுத்தெல்லாம் துடைக்க வேண்டாம். ஒவ்வாமை உண்டா என்று மறுபடி கேட்பார்கள். இடது கைக்காரர் என்றால் அப்போதே சொல்லுங்கள். சுஷியை வைக்கும் கோணத்தை மாற்றிக்கொள்வார். அளவு பற்றிக் கவலையிருந்தால் 'ஷாரி சுகுனாமே' என்றால் சோறு குறைத்துப் பிடிப்பார்.

முதலில் சில சிறு பண்டங்கள், பிறகு நிகிரி, அதாவது ஒரு பிடிச் சோற்றின் மேல் மீன் வைத்த சுஷி. சுஷியைத் தட்டில் வைத்த நொடியில் உற்றுப் பாருங்கள். மேலே மீன் லேசாக அமிழும்; உள்ளே காற்று விட்டுப் பிடித்த சோறு தன் எடையிலேயே இறங்குகிறது. சோறு உடல் சூட்டில் இருக்கும், சில கடைகளில் சாகே வண்டலிலிருந்து எடுத்த சிவப்பு வினிகரால் சற்றே பழுப்பாக இருக்கும். அந்தச் சூடு அடங்குவதற்குள் வாயில் போட வேண்டும். படம் எடுக்க அனுமதி உண்டா என்று ஆரம்பத்திலேயே கேளுங்கள். அனுமதித்தாலும் ஒரே ஒரு படம், பிளாஷ் இல்லாமல். வீடியோ வேண்டாம்.

கையால் சாப்பிடலாம், அதில் நமக்குக் கூச்சம் வேண்டியதில்லை. கடிக்காமல் முழுதாக வாயில் போடுங்கள். சோயா சாஸ் பெரும்பாலும் ஏற்கெனவே தடவியிருக்கும், வசாபி என்ற காரமான பச்சை விழுது உள்ளே இருக்கும். காரம் வேண்டும் என்று இன்னும் கேட்காதீர்கள். சுண்டக் காய்ச்சிய இனிப்புச் சாறு தடவிய கடல் விலாங்கும் அப்படியே சாப்பிட வேண்டியதுதான். இஞ்சி இரண்டு பண்டங்களுக்கு நடுவே, மீனின் மேல் அன்று.

எல்லோரும் சூரையின் கொழுத்த வயிற்றுத் துண்டுக்குத்தான் காத்திருப்பார்கள். என் ரசனை வேறு. வெள்ளித் தோலில் புள்ளி வரிசை மின்னும் கொஹாதா என்ற சிறு மீனை உப்பிலும் வினிகரிலும் எவ்வளவு நேரம் வைத்தார் என்பதில்தான் ஒரு சமையல்காரரின் கை தெரியும். சூரை பணத்தால் வாங்கக்கூடியது. கொஹாதா அப்படி வராது.

வயிறு நிறைந்துவிட்டால் அடுத்ததைப் பிடிப்பதற்கு முன் சொல்லுங்கள். பிடித்து வைத்ததை மீதம் விடாதீர்கள். கடைசியில் முட்டைப் பண்டம் வந்தால் வரிசை முடிந்தது. 'இன்னும் ஏதாவது?' என்று அவர் கேட்டால் அது தனிக் கணக்கு. விலை எழுதியிருக்காது. கடல் முள்ளெலியையும் வயிற்றுத் துண்டையும் இரண்டாம் தடவை கேட்கும் முன் வரம்பை நினைத்துக்கொள்ளுங்கள்.

9. பில்லும் திரும்புவதும்

'ஒகஞ்ஜோ ஒனெகாய்ஷிமாஸ்' என்றால் பில் கொண்டு வருவார்கள். பெரும்பாலும் மொத்தத் தொகை மட்டும் எழுதிய ஒரு சிறு தாள். தளத்தில் முன்பணம் கட்டியிருந்தால் அது கழிந்திருக்கிறதா என்று பாருங்கள். ஆளுக்கு ஆள் பிரித்துத் தரச் சொல்லாதீர்கள்; ஒருவர் கட்டிவிட்டு வெளியே வந்து கணக்குப் பார்த்துக்கொள்ளலாம். எழும்போது 'கொச்சிசோசாமா தெஷ்தா' என்று சொல்வது மரியாதை.

மறுபடி வர எண்ணமிருந்தால் அங்கேயே கேட்டுவிடுங்கள். தளத்தில் இடம் கொடுக்காத கடைகள்கூட ஒரு தடவை வந்து ஒழுங்காகச் சாப்பிட்டவருக்கு நேரடியாகத் தேதி கொடுப்பது உண்டு.

இரவு 8.30 பந்தியில் உட்கார்ந்தால் எழ 11 மணி ஆகலாம். மெட்ரோ நள்ளிரவு வாக்கில் நின்றுவிடும், உங்கள் தடத்தின் கடைசி ரயிலைப் போவதற்கு முன்பே பார்த்து வையுங்கள். இரவு 10 மணிக்கு மேல் டாக்சியில் 20 சதவீதம் கூடுதல்.